பதில் சொல்லாததற்காக வேலை போன ஆசிரியர்: மோசஸ் ஃபின்லி வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

1952 டிசம்பர் 31 அன்று, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இரண்டு ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்கியது. ஒருவர் பண்டைய கிரேக்க வரலாறு நடத்தியவர். இன்னொருவர் மருந்தியல் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். பாடம் ஒழுங்காக நடத்தவில்லை, மாணவர்களிடம் தவறாக நடந்துகொண்டார்கள் என்றெல்லாம் அவர்கள்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. செனட் குழு ஒன்று கேட்ட கேள்விக்கு, அரசியல் சட்டம் தந்த உரிமையைச் சொல்லிப் பதில் தர மறுத்தார்கள். அதற்காகத்தான் இருவருக்கும் வேலை போனது.

கிரேக்க வரலாறு நடத்தியவர் மோசஸ் ஃபின்லி. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் பேராசிரியர், சர் பட்டம் பெற்றவர், பண்டைய பொருளாதாரம் பற்றிப் பேசும் எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாதவர். அவர் வாழ்க்கை ஊரறிந்தது என்பதால் அவர் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள், விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்தவர்கள், கூடவே வேலையிழந்தவர்கள் ஆகியோர் இதில் பெயரில்லாமல்தான் வருவார்கள். அந்தப் பெயர்கள் ரகசியமானவை அல்ல. ஆனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பேச்சு திரும்பிவிட்டால், விதி எப்படி, எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்பது கண்ணில் படாமல் போய்விடும்.

பின்னணி: 1912 முதல் 1948 வரை

ஃபின்லி 1912 மே 20 அன்று நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் ஃபிங்கெல்ஸ்டைன். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலில் பட்டம் வாங்கியபோது வயது 15. மற்ற பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருக்கும் வயது. 17 வயதில் கொலம்பியாவில் பொதுச் சட்டத்தில் எம்.ஏ. முடித்தார்.

இந்த வேகத்தைப் பார்த்தால் இருபத்தைந்து வயதிலேயே பேராசிரியர் ஆகியிருப்பார் என்று தோன்றும். நடந்தது வேறு. 1930 முதல் 1933 வரை சமூக அறிவியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஆய்வு உதவியாளராக இருந்தார். பிறகுதான் கொலம்பியாவில் வெஸ்டர்மன் என்ற பண்டைய வரலாற்றுப் பேராசிரியரிடம் சேர்ந்தார். கிரேக்க, ரோம அடிமை முறையையும் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளையும் ஆய்ந்தவர் வெஸ்டர்மன். பள்ளியிலேயே லத்தீனும் கிரேக்கமும் மனப்பாடம் செய்து, அதே தடத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைபவர்களுக்கு இருக்கும் பழக்கங்கள் ஃபின்லிக்கு இல்லை. சட்டமும் சமூகவியலும் படித்துவிட்டு ஏதென்ஸுக்குள் வந்தவர் அவர். ஒரு கல்வெட்டைப் பார்த்தால் அதன் இலக்கணத்துக்கு முன்னால் அதில் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்று கேட்கும் புத்தி அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

1930களில் நியூயார்க் நகரக் கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் நடத்திக்கொண்டே வேறு இரண்டு இடங்களிலும் வேலை பார்த்தார். ஒன்று, ஹிட்லருக்குத் தப்பி ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்த சமூக ஆய்வு நிறுவனம். தத்துவ அறிஞர் ஹோர்க்ஹைமர் தலைமையில் இயங்கிய அந்த நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பும் நூல் மதிப்புரைகளும் செய்து கொடுத்தார். மற்றது, மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் முன்னின்று நடத்திய, ஜனநாயகத்துக்கும் அறிவுச் சுதந்திரத்துக்குமான அமைப்பு. அதன் நிர்வாகச் செயலாளராக இருந்தவர் ஃபின்லி. ஆசிரியர்களின் கருத்துரிமைக்காகக் கடிதம் எழுதுவதும் கையெழுத்துத் திரட்டுவதும் அவருடைய அன்றாட வேலை.

அந்தக் காலத்து நியூயார்க்கில் பாசிசத்தை எதிர்த்தவர்களில் பலர் கம்யூனிஸ்ட் கட்சியோடு ஏதோ ஒரு வகையில் ஒட்டியே இருந்தார்கள். ஃபின்லியும் 1930களின் பிற்பகுதியில் கட்சி உறுப்பினராக இருந்திருக்கக்கூடும் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களில் பலர் கருதுகிறார்கள். வழக்கைப் புரிந்துகொள்ள இது தேவையான தகவல். ஆனால் வழக்கு இதை வைத்துத் தீர்க்கப்படவே இல்லை. அது பின்னால் வரும்.

போர்க்காலத்தில் ரஷ்யாவுக்கான நிவாரணப் பணி. 1940களின் நடுவில் குடும்பப் பெயரை ஃபின்லி என்று மாற்றிக்கொண்டார்.

நியூவார்க்கில் நான்கு ஆண்டுகள்

1948ல் ரட்கர்ஸின் நியூவார்க் வளாகத்தில் வரலாற்று உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. 15 வயதில் பட்டம் வாங்கியவருக்கு நிலையான வேலை 36 வயதில். முனைவர் பட்டம் அதற்கும் பிறகு, 1950ல்.

அந்த ஆய்வேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா நிலப்பகுதியில் வயல்களிலும் வீடுகளிலும் நட்டுவைத்த கற்கள் கிடைத்திருக்கின்றன. ஹோரோஸ் என்று பெயர். எல்லைக் கல் என்று பொருள். ஆனால் பல கற்களில், இந்த நிலம் இன்னாருக்கு இத்தனை டிராக்மாவுக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொறித்திருக்கும். வாங்க வருபவருக்கு எச்சரிக்கைப் பலகை மாதிரி. வில்லங்கச் சான்றிதழை வயலிலேயே நட்டுவைத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம். அடகுக் கற்கள் இத்தனை இருந்தால் ஏதென்ஸின் ஏழை விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள் என்றுதானே முடிவு செய்யத் தோன்றும்?

ஃபின்லி ஒவ்வொரு கல்லாகப் படித்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தார். கற்களில் வரும் தொகைகள் ஏழைக் குடியானவன் வாங்கக்கூடிய தொகைகளாக இல்லை. கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். வாங்கிய பணம் நிலத்தைத் திருத்தவோ தொழிலைப் பெருக்கவோ போகவில்லை. குடும்பக் கௌரவத்துக்கும் சமூகக் கடமைகளுக்கும் போனது. கற்களில் ஒரு வகை சீதனம் பற்றியது. மனைவி கொண்டுவந்த சீதனத்துக்கு ஈடாகக் கணவன் வீட்டார் நிலத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். திருமணம் முறிந்தால் பெண் வீட்டாருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக. ஆக, கடன் என்ற சொல் ஒன்றாக இருந்தாலும் இன்றைய வங்கிக் கடன் என்ற பொருள் அதற்குள் இல்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் விதை இந்தக் கற்களில் இருக்கிறது.

ஆய்வேடு 1952ல் நூலாக வந்தது. வெளியிட்டது ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம். அதே ஆண்டின் கடைசி நாளில் அவரை வெளியேற்றியதும் அதே பல்கலைக்கழகம்.

சாட்சிகளும் அழைப்பும்

1951ல் செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு, ஆசிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. அங்கே சாட்சி சொன்ன சீன வரலாற்று ஆய்வாளர் ஒருவர், 1930களில் ஃபின்லி கம்யூனிஸ்டுகளின் படிப்பு வட்டம் ஒன்றை நடத்தியதாகச் சொன்னார். அவரே ஜெர்மனியில் கம்யூனிஸ்டாக இருந்து விலகியவர். நகரக் கல்லூரியில் உடன் பணியாற்றிய இன்னொருவரும் ஃபின்லியைக் கட்சிக்காரர் என்று அடையாளம் காட்டினார். கிரேக்க வரலாற்றுக்கும் அந்த விசாரணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரட்கர்ஸுக்கும் இல்லை.

1952 மார்ச் 28 அன்று ஃபின்லி துணைக்குழு முன் வந்தார். இப்போது கட்சி உறுப்பினரா? இல்லை என்றார். முன்பு எப்போதாவது இருந்தாரா? அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தைச் சொல்லிப் பதில் தர மறுத்தார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அந்தத் திருத்தம்.

ஏன் மறுத்தார்

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். அன்றைய செய்தித்தாள் வாசகருக்கும் அப்படித்தான் தோன்றியது. சட்டத்தின் அன்றைய நிலையைப் பார்த்தால் அந்தக் கேள்வி அவ்வளவு எளிதல்ல.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பேர் ஏற்கெனவே சத்தியம் செய்து உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பொய்ச் சாட்சி வழக்கு வந்திருக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் முன்னாள் அதிகாரி ஆல்ஜர் ஹிஸ் அப்படியொரு வழக்கில் 1950 ஜனவரியில் தண்டனை பெற்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கச் சொல்வதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டத்தின்கீழ் கட்சித் தலைவர்கள் பதினோரு பேருக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 1951 ஜூனில்தான் உறுதி செய்திருந்தது. ஆம் என்ற சொல் வழக்குக்கு அடிபோடும்.

ஆம் என்று சொன்ன பிறகு, மற்றவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நிறுத்திக்கொள்ளலாமா? இங்கேதான் பொறி. டென்வரில் ஒரு பெண், கட்சியின் பொருளாளராக இருந்ததை ஒப்புக்கொண்டு, கணக்குப் புத்தகங்களை யாரிடம் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்ல மறுத்தார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னதுமே மௌன உரிமையைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1951ல் தீர்ப்பளித்தது. அதாவது தன்னைப் பற்றி வாய் திறந்தால் நண்பர்களைப் பற்றியும் திறந்தாக வேண்டும். மறுத்தால் அவமதிப்புக் குற்றம், சிறை.

எனவே பழைய நண்பர்களைக் காட்டிக்கொடுக்க விரும்பாத ஒருவருக்குச் சட்டப்படி இருந்த ஒரே கதவு, முதல் கேள்வியிலேயே வாயை மூடிக்கொள்வது. ஃபின்லி அந்தக் கதவு வழியாகப் போனார். அது சரியான முடிவா என்று இன்றும் வாதிடலாம். காரணமில்லாத முடிவு என்று சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத்துக்குள் நடந்தவை

மார்ச்சில் நடந்த விசாரணைக்குச் செப்டம்பரில்தான் வெளியே சத்தம் எழுந்தது. அந்த மாதம் ரட்கர்ஸின் கணித ஆசிரியரும் அதே துணைக்குழு முன் ஐந்தாம் திருத்தத்தைச் சொன்னார். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் என்றதும் செய்தியாகிவிட்டது. ரட்கர்ஸ் 1945 முதல் நியூஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகம். மாநில அரசிடம் நிதி கேட்டு நிற்கும் நிலையில் இருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

அவர் எடுத்த முதல் முடிவுகளில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உடனே நீக்கவில்லை. அறங்காவலர்கள், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார். அதன்பின் விஷயம் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட மறுஆய்வுக் குழுவிடம் போனது. அந்தக் குழு இரண்டு ஆசிரியர்களையும் விசாரித்து, காரணங்களைக் கேட்டு, டிசம்பர் தொடக்கத்தில் ஒருமனதாக அறிக்கை கொடுத்தது: குற்றச்சாட்டு எதுவும் சுமத்த வேண்டியதில்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை.

1952 டிசம்பர் 12 அன்று அறங்காவலர் குழு கூடியது. அந்த அறிக்கையைத் தள்ளிவிட்டு ஒரு தீர்மானம் போட்டது. கம்யூனிஸ்ட் கட்சியில் இப்போது இருக்கிறாரா, முன்பு இருந்தாரா என்ற கேள்விக்கு ஐந்தாம் திருத்தத்தைச் சொல்லிப் பதில் மறுப்பதே உடனடி நீக்கத்துக்குப் போதுமான காரணம் என்பது அந்தத் தீர்மானம். மாத முடிவுக்குள் துணைக்குழுவிடம் திரும்பிப் போய்ப் பதில் சொன்னால் வேலை இருக்கும். இல்லையென்றால் டிசம்பர் 31 கடைசி நாள். இருவருமே போகவில்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். விதி எழுதப்பட்ட நாள் டிசம்பர். ஃபின்லி வாய் மூடிய நாள் மார்ச். ஒன்பது மாதம் முன்பு செய்த செயலுக்கு அன்று இல்லாத விதியில் தண்டனை. அடுத்தது, உண்மையை விசாரிக்கப் பல்கலைக்கழகமே அமைத்த குழு ஒரு முடிவைச் சொல்ல, அதில் என்ன தவறு என்று ஒரு வரியும் சொல்லாமல் முழு விஷயத்தையும் வேறு கேள்விக்கு மாற்றிவிட்டார்கள். ஃபின்லி கம்யூனிஸ்டா, வகுப்பில் பிரச்சாரம் செய்தாரா, ஆய்வில் நேர்மை தவறினாரா என்பதெல்லாம் கேள்வியாகவே இல்லாமல் போயிற்று; மௌனம் மட்டுமே குற்றமாயிற்று. மூன்றாவது எனக்கு அதிகம் உறுத்துவது: தண்டனை வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. கண்டிப்பு, இடைநீக்கம், பதவி உயர்வை நிறுத்துவது என்று எந்தப் படிக்கட்டும் அந்தத் தீர்மானத்தில் இல்லை.

ஆசிரியர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. கூட்டங்கள் நடந்தன. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று சொல்வதற்கில்லை. பயமும் இருந்தது, அறங்காவலர்கள் செய்தது சரி என்று நம்பியவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் இதே விதியால் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

இடைக்காலம்: 1953, 1954

நாற்பது வயது. அமெரிக்காவில் அவரை எடுத்துக்கொள்ள எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. 1954ல், ஹோமரின் காப்பிய நாயகன் ஒடிசியஸின் உலகத்தைப் பற்றிய அவருடைய சிறிய நூல் நியூயார்க்கில் வெளிவந்தது.

ஹோமரின் காப்பியங்கள் டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் மைசினியக் காலத்தைக் காட்டுகின்றன என்பது அன்று பலருடைய நம்பிக்கை. அரண்மனைகளும் எழுத்தர்களும் கணக்குப் பலகைகளும் கொண்ட காலம் அது. ஃபின்லி அதை ஏற்கவில்லை. காப்பியத்தில் வரும் திருமணம், விருந்து, பரிசு, சொத்து, பழிவாங்கல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தும் ஒரு சமூகம் தெரிகிறது. அது அரண்மனைகள் அழிந்த பிறகு, ஏறத்தாழ கி.மு. 10, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்றார். பரிசு கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரு சமூகத்தையே கட்டி நிறுத்தும் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் காட்டிய பார்வை இதற்கு உதவியது. நூல் எழுதப்பட்ட அதே சமயத்தில், 1952ல், லண்டனில் மைக்கேல் வென்ட்ரிஸ், அதுவரை எவராலும் படிக்க முடியாதிருந்த மைசினிய எழுத்தைப் படித்துவிட்டார். அது கிரேக்க மொழிதான் என்று தெரிந்ததும் ஹோமரும் மைசினியும் ஒன்றே என்றவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பலகைகளில் இருந்தது ஆட்டுக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் எழுதிவைக்கும் அலுவலகம். ஹோமரின் அரசர்கள் அப்படி எதுவும் நடத்தவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தை 1957ல் ஒரு கட்டுரையில் ஃபின்லியே எடுத்துக்காட்டினார்.

அந்த நூலில் ஓரிடம். செத்தவர்களின் கீழுலகில் ஒடிசியஸைச் சந்திக்கும் மாவீரன் அக்கிலீஸ், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஒருவனிடம் கூலியாளாக இருந்தாலும் போதும் என்கிறான். மண்ணில் ஆகக் கடைசி நிலை என்று அவன் நினைத்தது அடிமையை அல்ல, கூலியாளை என்று ஃபின்லி சுட்டிக்காட்டுகிறார். அடிமைக்காவது சேர்ந்திருக்க ஒரு வீடு உண்டு. எந்த வீட்டையும் சேராதவனுக்கு எதுவுமே இல்லை. இதைத் தன் நிலையை நினைத்து எழுதினாரா என்று தேடுவது வீண் வேலை. ஆனால் எழுதியவர் எந்த நிலையில் இருந்தார் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தை முன்புபோலப் படிக்க முடியவில்லை.

கேம்பிரிட்ஜ்

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சொற்பொழிவாற்ற அழைப்பு வந்தது. 1955ல் கேம்பிரிட்ஜ் செவ்வியல் துறையில் விரிவுரையாளர் ஆனார். 1957ல் ஜீசஸ் கல்லூரியின் ஆய்வர். 1962ல் பிரிட்டிஷ் குடியுரிமை. 1970ல் பண்டைய வரலாற்றுப் பேராசிரியர். 1976 முதல் 1982 வரை டார்வின் கல்லூரித் தலைவர். 1979ல் சர் பட்டம்.

பதவிகளை இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன்; ஏனென்றால் அவருடைய தாக்கம் பதவிகளில் இல்லை. கிரேக்க நாகரிகம் அடிமை உழைப்பின்மேல் நின்றதா என்று 1959ல் தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார். அடிமை, சுதந்திரன் என்று இரண்டே பெட்டி போதாது; இடையில் பல படிகள் இருந்தன என்றார். கூடவே, சுதந்திரம் என்ற எண்ணம் எங்கே வளர்ந்ததோ அங்கேதான் அடிமை முறையும் வளர்ந்தது, இரண்டும் கைகோத்து வந்தன என்று சொன்னபோது கிரேக்கப் பெருமை பேசுவோருக்கு அது இனிக்கவில்லை. வானொலியில் பேசினார், பள்ளி ஆசிரியர்களுக்காக எழுதினார், பள்ளிகளில் பண்டைய வரலாற்றுப் பாடத்திட்டத்தை மாற்றப் பாடுபட்டார்.

1972ல் பெர்க்லியில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் மறு ஆண்டு பண்டைய பொருளாதாரம் பற்றிய நூலாக வந்தன. சந்தை, லாபம், முதலீடு என்ற இன்றைய சொற்களைக் கொண்டு கிரேக்க, ரோம வாழ்க்கையை அளக்க முடியாது. அங்கே பணத்தை நடத்தியது அந்தஸ்து என்பது வாதம். நியூவார்க்கில் படித்த அடகுக் கற்களின் குரல் இதில் கேட்கிறது. நூல் வந்த நாளிலிருந்து சண்டைதான். தொலைதூர வணிகத்தை மிகவும் குறைத்து மதிப்பிட்டார் என்பது பெரிய குறை. அந்தக் குறைக்கு வலுச் சேர்த்த சான்று நம் பக்கத்திலிருந்து போனது. வியன்னாவில் இருந்த, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஒன்று 1985ல் வெளியிடப்பட்டது. முசிறியிலிருந்து அலெக்சாண்டிரியாவுக்குப் போன சரக்கைப் பற்றிய கடன் ஒப்பந்தம் அது. ஹெர்மபோலோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) மதிப்பை எட்டியது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களைச் சங்கப் புலவர்கள் பாடியது மிகையல்ல என்று அதைப் படித்தால் தெரியும். ஃபின்லி அதற்கு மறு ஆண்டே இறந்துவிட்டார்.

விதிக்கு என்ன ஆயிற்று

1956 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வேறொரு ஆசிரியரின் வழக்கு தீர்ந்தது. நியூயார்க் நகரின் புரூக்ளின் கல்லூரியில் ஜெர்மன் இலக்கியம் நடத்தியவர். 1952 செப்டம்பரில் அதே துணைக்குழு முன் ஐந்தாம் திருத்தத்தைச் சொன்னவர். நகரச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி விசாரணையே இல்லாமல் நீக்கப்பட்டவர். மௌன உரிமையைப் பயன்படுத்துவதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது, அதை மட்டும் வைத்து நீக்கியது முறையான நடைமுறை அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

அதே 1956ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் ரட்கர்ஸைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. பல்கலைக்கழகம் தன் விதிகளைத் திருத்திய பிறகு, 1958ல், பட்டியலிலிருந்து எடுத்தது. நீக்கம் நடந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த கண்டனம். வேலையிழந்தவருக்கு மூன்று ஆண்டுகள் எவ்வளவு நீளம் என்று சங்கம் யோசித்ததாகத் தெரியவில்லை.

1965ல் ரட்கர்ஸுக்கு இன்னொரு சோதனை. அமெரிக்கத் தெற்கின் அடிமை முறையை ஆய்ந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர், வியட்நாம் போர் பற்றிய கூட்டத்தில், அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் வெல்வதை வரவேற்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் மௌனம் காக்கவில்லை. தாம் மார்க்சியவாதி என்பதையும் மறைக்கவில்லை. ஆளுநர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் அவரை நீக்க வேண்டும் என்பதையே பிரச்சாரமாக்கினார். பல்கலைக்கழகம் நீக்கவில்லை. அப்போதைய தலைவர் மேசன் கிராஸ் உறுதியாக நின்றார். நீக்கச் சொன்ன வேட்பாளர் தேர்தலில் தோற்றார். 1952ல் இதே கிராஸ் இதே பல்கலைக்கழகத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1972 ஏப்ரல்

கிராஸ் ஓய்வுபெற்றதும் அவர் பெயரில் ரட்கர்ஸ் ஒரு சொற்பொழிவு வரிசையைத் தொடங்கியது. 1972 ஏப்ரலில் அதில் பேச வந்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபின்லி. தலைப்பு பண்டைய ஜனநாயகமும் இன்றைய ஜனநாயகமும். சாதாரண மக்கள் அரசியலில் அக்கறை இல்லாமல் இருப்பதே ஜனநாயகத்துக்கு நல்லது, முடிவுகளை விவரமறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றைய அரசியல் அறிஞர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்ததற்கு ஏதென்ஸைக் கொண்டு பதில் சொன்னார். குயவனும் செருப்புத் தைப்பவனும் மன்றத்தில் உட்கார்ந்து போரையும் வரியையும் முடிவு செய்த ஊர் அது. மூன்றாவது உரையில் சாக்ரடீஸ் வருகிறார்: ஒரு ஜனநாயகம் எந்தப் பயத்தில் தன் ஆசிரியரைக் கொல்கிறது என்ற கேள்வி. போரில் தோற்று, சர்வாதிகாரிகள் வந்து போய், நொந்துபோயிருந்த ஏதென்ஸ் அது என்பதை மறந்துவிட்டு அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது என்கிறார்.

உரைகள் 1973ல் நூலாக வந்தன. 1986 ஜூனில் மனைவி இறந்த மறுநாள், 23ஆம் தேதி, ஃபின்லியும் கேம்பிரிட்ஜில் இறந்தார்.

எது வேறாக இருந்திருக்க வேண்டும்

உண்மையறியும் குழு ஒன்றை ஒரு நிறுவனம் அமைத்தால், அதன் முடிவை மறுக்கும் அதிகாரம் மேல்மட்டத்துக்கு இருக்கலாம். ஆனால் மறுப்பவர்கள் அதே கேள்விக்குள் நின்று, அதே சான்றுகளை வைத்து, எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். டிசம்பர் 12 தீர்மானத்தில் இது நடக்கவில்லை. புதிய விதி வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், மறுநாளிலிருந்து செல்லும்படி. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இருவருக்கும் வேலை போயிருக்காது.

ஃபின்லி பக்கத்தில்? மார்ச் 28 அன்று துணைக்குழுவிடம் மறுத்ததைத் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவிடம் அவர் விளக்கிச் சொன்னார். அங்கே யாரும் தண்டனை கேட்கவில்லை. செய்தி வெடித்த பிறகு அல்லாமல் மார்ச்சிலேயே பல்கலைக்கழகம் இதைச் செய்திருக்கலாம். ஆறு மாதம் அமைதியாக இருந்துவிட்டுச் செய்தித்தாள் வந்ததும் அவசரப்பட்டதில்தான் பாதிக் கேடு வந்தது.

கடைசியாக, இந்த வழக்கை எடுத்துச் சொல்பவர்கள் செய்யும் ஒரு தவறு. ரட்கர்ஸ் நீக்கியதால்தான் கேம்பிரிட்ஜ் கிடைத்தது, எல்லாம் நன்மைக்கே என்பார்கள். நானும் சில இடங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன். அன்று அதே தீர்மானத்தில், அதே நாளில் வெளியே போன கணித ஆசிரியருக்கு எந்தக் கேம்பிரிட்ஜிலிருந்தும் அழைப்பு வரவில்லை. சட்டக் கல்லூரி ஆசிரியருக்கும் இல்லை. அவர்களில் ஒருவரை வைத்து இதை எழுதியிருந்தால் மேலே உள்ள தலைப்புகளில் பாதி இருந்திருக்காது. 1953க்குப் பிறகு எழுத எனக்கு எதுவும் கிடைத்திருக்காது.